மணவிலக்கும் குழந்தைகளின் உரிமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 



சற்று முன்னர் ஆண்டறிக்கை வாசிக்கப்பட்டது. வரவு செலவு, மதரஸா மாணவர் எண்ணிக்கை, நிக்காஹ் தஃப்தரில் பதிவான திருமணங்கள் என அனைத்தையும் கேட்டோம். அந்தத் தஃப்தர் இருக்கும் அலமாரியிலேயே இன்னொரு கோப்பும் இருக்கிறது. அது எந்த ஆண்டறிக்கையிலும் வாசிக்கப்படுவதில்லை. மணவிலக்குப் பத்திரங்களின் கோப்பு அது. நம் மஹல்லாவில் மட்டுமன்று, தமிழகத்தின் எந்த ஜமாஅத் அலுவலகத்திலும் அப்படி ஒரு கோப்பு இருக்கும்.

அப்பத்திரங்களில் வழக்கமாக இடம்பெறும் ஒரு வாசகத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். இரு தரப்பும் மஹர், நகை, சீர்ப்பொருள் ஆகியவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக எழுதிய பின், கடைசியில், "குழந்தைகள் தாயின் பொறுப்பில் இருப்பார்கள், அவர்களுக்காக இனி எவ்விதத் தொகையும் கோரமாட்டேன்" என்று பெண் கையொப்பம் இடுகிறாள். சில பத்திரங்களில், "குழந்தைகளின் மீது இனி எனக்கு எவ்வித உரிமையும் இல்லை" என்று ஆண் கையொப்பம் இடுகிறான். இரு சாட்சிகள், ஜமாஅத் முத்திரை. எல்லாம் சுமுகமாக முடிந்தது என்று அனைவரும் எழுந்து போகிறோம்.

அந்த வாசகம் மார்க்கத்திலும் நிற்பதில்லை, நாட்டின் சட்டத்திலும் நிற்பதில்லை. கணவனும் மனைவியும் தத்தம் உரிமைகளை விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் உரிமையை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. இதை விளங்கிக்கொள்ளச் சட்டத்தின் சில கூறுகளைச் சற்றே விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, பத்திரத்தின் தகுதி. ஜமாஅத்தோ, காஜியோ, ஷரீஅத் கவுன்சில் என்ற பெயரில் இயங்கும் அமைப்போ நீதிமன்றம் ஆகாது. தாருல் கழாக்களின் ஃபத்வாக்கள் சட்டப்படி எவரையும் கட்டுப்படுத்தா என்று உச்ச நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு ஜூலையில் கூறியது. தலாக் குறித்துக் காஜிகள் தரும் சான்றிதழ் ஒரு கருத்துரை மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு ஜனவரியில் கூறி, அத்தகைய சான்றிதழ்கள் வழங்குவதைத் தடுத்து இடைக்கால ஆணை பிறப்பித்தது. குலா பெற விரும்பும் பெண் குடும்ப நல நீதிமன்றத்தையே நாட வேண்டும், ஜமாஅத் உறுப்பினர் சிலர் கூடிய தனியார் அமைப்பு அதை வழங்க இயலாது என்று அதே நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. கேரள உயர் நீதிமன்றம் 2021இல் குலா பற்றி வேறு கோணத்தில், நீதிமன்றத்திற்கு வெளியே நிகழும் குலாவுக்கும் இடமளித்துக் கூறியிருக்கிறது. ஆயினும் நம் மாநிலத்தில் வாழும் நாம் சென்னை உயர் நீதிமன்றத்தின் கூற்றையே கணக்கில் கொள்ள வேண்டும்.

2024ஆம் ஆண்டு அக்டோபரில் மதுரைக் கிளையின் முன் திருநெல்வேலியைச் சேர்ந்த ஒரு தம்பதியின் வழக்கு வந்தது. ஷரீஅத் கவுன்சிலின் சான்றிதழைக் காட்டி, மணவிலக்கு நிகழ்ந்துவிட்டது என்றார் கணவர். தலாக் நிகழ்ந்ததை மனைவி மறுக்கும்போது, அது முறைப்படி நிகழ்ந்தது என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டியது கணவரின் கடமை என்றும், தனியார் அமைப்பின் சான்றிதழ் அதற்கு ஈடாகாது என்றும் நீதிமன்றம் கூறிவிட்டது. ஒரே அமர்வில் முத்தலாக் கூறுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 22ஆம் நாள் தீர்ப்பளித்ததும், 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதை மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக ஆக்கியதும் அனைவரும் அறிந்ததே. அச்சட்டத்தைப் பற்றி நம்மிடையே பல கருத்துகள் உண்டு. அந்த விவாதத்திற்கு இது இடமன்று. எனினும் அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு அப்பெண்ணுக்கும் அவளைச் சார்ந்த குழந்தைகளுக்கும் பிழைப்பூதியம் உண்டு என்கிறது. 6ஆம் பிரிவு மைனர் குழந்தைகளைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் உரிமையை அவளுக்கு அளிக்கிறது. இவ்விரு பிரிவுகளும் இருப்பதையே நம்மில் பலர் அறியாதிருக்கிறோம்.

அப்படியாயின் ஜமாஅத் சமரசமே பேசக்கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகப் பேசலாம், பேசவும் வேண்டும். இருவர் குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை ஏற்படுத்துமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 35ஆம் வசனமே வழிகாட்டுகிறது. குடும்ப நல நீதிமன்றங்கள் சட்டம், 1984, முதலில் சமரசத்திற்கு முயல வேண்டும் என்று நீதிபதிக்கே கடமை விதிக்கிறது. சமரசத்தில் கண்ட முடிவுக்குச் சட்டத்தின் வலுவைத் தேடிக் கொடுக்காமல், முத்திரையிட்டு அலமாரியில் வைத்துவிடுவதே நாம் சுட்டும் குறை.

இனிக் குழந்தைகளுக்கு வருவோம். குழந்தை தொடர்பாக மூன்று வெவ்வேறு செய்திகள் உள்ளன. குழந்தை யாரிடம் வளர்வது என்பது ஒன்று. அதை ஃபிக்ஹ் நூல்கள் ஹளானத் என்கின்றன. குழந்தையின் சார்பில் சட்டப்படிச் செயற்படும் காப்பாளர் யார் என்பது மற்றொன்று, அது விலாயத். செலவு யாருடையது என்பது மூன்றாவது; அது நஃபகா. பஞ்சாயத்துகளில் இம்மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். "பிள்ளை உன்னிடம் என்றால் செலவும் உன்னுடையது" என்று சொல்லிவிடுகிறோம். குழப்பம் அனைத்தும் இங்கிருந்தே பிறக்கிறது. தாயிடம் வளரும் குழந்தைக்குத் தந்தையே செலவழிக்க வேண்டும் என்பதே ஷரீஅத்தின் அமைப்பு. அல்பகறா அத்தியாயத்தின் 233ஆம் வசனம் பாலூட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிக்கும் பொறுப்பைத் தந்தையின் மீது வைக்கிறது. குழந்தையைக் கொண்டு தாயையோ தந்தையையோ துன்புறுத்துதல் ஆகாது என்றும் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை இருவருக்குமானது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தம் கணவர் மணவிலக்குச் செய்துவிட்டுத் தம் மகனையும் பறிக்க முனைகிறார் என்று ஒரு பெண்மணி முறையிட்டபோது, மறுமணம் செய்யாதவரை அக்குழந்தைக்கு அவரே அதிக உரிமையுடையவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. இதன் அடிப்படையில் சிறு குழந்தையை வளர்க்கும் முதல் உரிமை தாய்க்கே என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. எத்தனை வயது வரை என்பதில்தான் வேறுபாடு. ஹனஃபி மத்ஹபின்படி ஆண் குழந்தை ஏழு வயது வரையிலும், பெண் குழந்தை பருவமடையும் வரையிலும் தாயிடம் இருக்கும். ஷாஃபிஈ மத்ஹபின்படி, நன்மை தீமை பிரித்தறியும் வயதை, ஏறத்தாழ ஏழு வயதை, எட்டிய குழந்தை தாய், தந்தை இருவரில் ஒருவரைத் தானே தேர்ந்துகொள்ளும். உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈக்களும் மிகுதியாக வாழும் நம் மாநிலத்தில், இரு மத்ஹபுக் குடும்பங்களுக்கிடையே சம்பந்தம் நிகழ்வது இன்று சாதாரணம். ஆதலின் எந்த மத்ஹபின் வயது வரம்பு என்ற வினா பஞ்சாயத்தில் எழுவது இயல்பே. தாய் இல்லையெனில் அடுத்த உரிமை தாயின் தாய்க்கு, அதாவது நன்னிக்கு, என்பதை இரு மத்ஹபும் ஏற்கின்றன. தந்தை வழியினர் இதைக் கேட்டு வியப்படைவதுண்டு.

நாட்டின் சட்டத்தில் இதற்குரியது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குரியோர் சட்டம். நூற்று முப்பது ஆண்டுகளைக் கடந்த பழைய சட்டம்தான்; இன்றும் அதுவே நடைமுறை. அதன் 17ஆம் பிரிவு, மைனரின் நலன் எதுவோ அதைக் கருதியே காப்பாளரை நியமிக்க வேண்டும் என்கிறது. குழந்தையின் வயது, பாலினம், மதம், காப்பாளராக விரும்புபவரின் குணநலனும் திறனும், உறவின் நெருக்கம் ஆகியவற்றை நீதிமன்றம் பார்க்கும். அறிவார்ந்து விருப்பம் தெரிவிக்கும் வயதுடைய குழந்தையெனில் அதன் விருப்பத்தையும் கேட்கலாம். ஷாஃபிஈ மத்ஹபின் தேர்வுரிமையும் இந்தப் பிரிவும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதை எண்ணிப் பார்க்கலாம். குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் மீது அதிகாரமுடைய நீதிமன்றத்திலேயே மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. குழந்தையைத் திடீரெனத் தூக்கிச் சென்று வேறு மாவட்டத்தில் வைத்துக்கொண்டு அங்கே மனுப் போட்டால் காரியம் முடிந்துவிடும் என்று சிலர் கருதுகிறார்கள். அது பலிப்பதில்லை.

நீதிமன்றம் மத்ஹபின் வயது வரம்பைப் புறக்கணிப்பதில்லை. ஆனால் அதற்குக் கட்டுப்பட்டு நிற்பதும் இல்லை. தந்தை காப்பாளராக இருப்பது வேறு, குழந்தை யாரிடம் வளர்வது என்பது வேறு என்பதை உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் அத்தர் ஹுசைன் வழக்கில் விளக்கியது. அது முஸ்லிம் குடும்பம் ஒன்றின் வழக்கு. தாய் இறந்துவிட்டார், தந்தை மறுமணம் செய்துகொண்டார், குழந்தைகள் தாய்வழி உறவினரிடம் வளர்ந்தனர். தந்தையின் காப்பாளர் தகுதியை மறுக்காமலேயே, குழந்தைகளின் நலன் கருதித் தற்காலிகமாகத் தாய்வழி உறவினரிடமே அவர்களை விட்டுவைத்தது நீதிமன்றம். ஏழு வயது முடிந்த மறுநாளே மகனை அழைத்துவரக் காரை எடுத்துக்கொண்டு மாமனார் வீட்டு வாசலில் நிற்கும் தந்தையர் இதை அறிந்திருத்தல் நலம். அவ்வாறே, தந்தை முகத்தையே காட்டாமல் வளர்த்துவிடலாம் என்று கருதும் தாய்மார்களுக்கும் ஒரு சொல் உண்டு. உடன் வளராத பெற்றோர் குழந்தையைச் சந்திக்கும் உரிமை குழந்தைக்கும் உரியதே. 2020ஆம் ஆண்டு ஜனவரியில் யாஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், நேரில் சந்திப்பதோடு தொலைபேசி, காணொளி வழியாகத் தொடர்புகொள்ளும் உரிமையையும் வலியுறுத்தியது. வளைகுடாவில் பணிபுரியும் தந்தையர் நிறைந்த நம் ஊர்களுக்கு இது மிகவும் வேண்டிய செய்தி.

குழந்தை பற்றிய ஆணை எதுவும் இறுதியானதன்று. 1973இல், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோசி ஜேக்கப் வழக்கில், குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளோ விளையாட்டுப் பொருள்களோ அல்லர் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சூழ்நிலை மாறினால் இத்தகைய ஆணையையும் மாற்றலாம் என்றும் தெளிவாக்கியது. நீதிமன்ற ஆணைக்கே இந்நிலை எனும்போது, "எக்காலத்தும் உரிமை கோரமாட்டேன்" என்று நாம் எழுதி வாங்கும் வாசகத்தின் நிலை என்ன?

விலாயத் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். முஸ்லிம் சட்டத்தில் மைனரின் சொத்துக்குக் காப்பாளர் தந்தை. அவருக்குப் பின் அவர் மரண சாசனத்தில் நியமித்தவர். பின்னர் தந்தைவழிப் பாட்டனார். தாய் குழந்தையை வளர்க்கலாம்; ஆயினும் குழந்தையின் நிலத்தையோ வீட்டையோ தாமே விற்க அவருக்கு அதிகாரம் இல்லை. பிரிவி கவுன்சில் 1918இல் இமாம்பந்தி வழக்கில் அளித்த தீர்ப்பு இன்றளவும் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. மகனின் பெயரில் பாட்டனார் எழுதிவைத்த மனையை, மணவிலக்குப் பெற்ற தாய் அவன் படிப்புச் செலவுக்காகவே விற்றாலும் அவ்விற்பனை செல்லாது. அவன் பெரியவனான பின் வாங்கியவருக்குத் தொல்லை வரும். நீதிமன்றத்தில் காப்பாளராக நியமனம் பெற்று, 29ஆம் பிரிவின்படி அனுமதியும் பெற்று விற்பதே வழி. மணவிலக்கால் குழந்தையின் வாரிசுரிமை அறுந்துவிடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம். தந்தை மறுமணம் செய்து வேறு குழந்தைகளைப் பெற்றாலும், முதல் மனைவியின் பிள்ளைகள் அவருடைய சொத்தில் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமான வாரிசுகளே.

இனி நஃபகா. நம் கவனம் மிகுதியும் செல்ல வேண்டிய இடம் இதுவே.

1985ஆம் ஆண்டின் ஷாபானு தீர்ப்பும், அதைத் தொடர்ந்து எழுந்த கொந்தளிப்பும், 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் (மணவிலக்கின் போது உரிமைகள் பாதுகாப்பு) சட்டமும் மூத்தோர்களுக்கு நினைவிருக்கும். அந்த விவாதம் முழுவதும் மணவிலக்குப் பெற்ற மனைவியின் ஜீவனாம்சத்தைப் பற்றியது. அதன் இரைச்சலில் குழந்தைகளின் உரிமை பலருடைய கண்ணுக்குப் படாமலே போயிற்று. 1986ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தை பிறந்து இரண்டாண்டு வரை, அதை வளர்க்கும் தாய்க்குக் குழந்தையின் பராமரிப்புக்கான தொகையை முன்னாள் கணவர் வழங்க வேண்டும் என்கிறது. இதை வைத்துக்கொண்டு, இரண்டு வயதோடு தந்தையின் கடமை தீர்ந்தது என்று வாதிட்டவர்கள் உண்டு.

அவ்வாதம் 1997ஆம் ஆண்டு நூர் சபா காத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் முறியடிக்கப்பட்டது. பீகார் மாநிலத்தைச் சேர்ந்த அந்தப் பெண்மணிக்கு மூன்று குழந்தைகள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் அவருக்கு மாதம் 200 ரூபாயும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் 150 ரூபாயும் வழங்க ஆணையாகியிருந்தது. கணவர் பின்னர் தலாக் கூறிவிட்டு, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, குழந்தைகளுக்கும் இரண்டு வயதுக்கு மேல் தரவேண்டியதில்லை என்று முறையிட்டார். உயர் நீதிமன்றமும் அவர் பக்கமே நின்றது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இரண்டாண்டு என்பது தாய்க்குரிய கூடுதல் உரிமை. குழந்தைக்கு அது தனி உரிமை. வசதியுள்ள முஸ்லிம் தந்தை தம் மைனர் குழந்தைகளை அவர்கள் பெரியவர்களாகும் வரையிலும், பெண் மக்களைத் திருமணம் வரையிலும் பராமரிக்கக் கடமைப்பட்டவர். மணவிலக்கு அக்கடமையைத் தொடாது. முஸ்லிம் தனியார் சட்டப்படியும் அவ்வாறே, 125ஆம் பிரிவின்படியும் அவ்வாறே என்று நீதிமன்றம் கூறியது. ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆகப்போகின்றன. இத்தீர்ப்பின் பெயரைக்கூட அறியாமல் நாம் பத்திரம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மனைவியைப் பொறுத்தவரையிலும் சட்டம் இன்று தெளிவாகிவிட்டது. இத்தா காலத்திற்குள், அதற்குப் பிந்திய வாழ்வுக்கும் போதுமான நியாயமான ஏற்பாட்டைக் கணவர் செய்துவிட வேண்டும் என்று 2001இல் டானியல் லத்தீஃபி வழக்கு கூறியது. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தையோ, பொதுவான ஜீவனாம்சப் பிரிவையோ, இரண்டையுமோ நாடலாம் என்று 2024 ஜூலை 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய 125ஆம் பிரிவு 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக மாறியிருக்கிறது. எண்தான் மாறியது, உரிமை மாறவில்லை.

இப்பிரிவின் நடைமுறையை அறிந்துகொள்வது நல்லது. குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் இடத்தில் அங்கும், இல்லாத இடத்தில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவரிடமும் மனுச் செய்யலாம். மனைவி வசிக்கும் ஊரிலேயே செய்யலாம். கணவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. இடைக்காலத் தொகை கேட்கும் மனுவை, எதிர்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த 60 நாள்களுக்குள் இயன்றவரை முடிக்க வேண்டும் என்பது சட்டம். ஆணையிட்ட தொகையைக் கட்டாதவருக்கு, செலுத்தப்படாத ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். பாக்கித் தொகையை உரிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்டாக வேண்டும்; இதைத் தவறவிட்டு நிற்கும் சகோதரிகள் மிகப் பலர். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இருவரும் தத்தம் வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றும், மனுச் செய்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்றும் நெறிப்படுத்தியது. குழந்தையின் கல்விச் செலவை வழக்கமாகத் தந்தை ஏற்க வேண்டும். தாயும் போதிய அளவு பொருளீட்டுபவராக இருந்தால் விகிதப்படி பகிரலாம் என்பதும் அத்தீர்ப்பில் உண்டு. மேலும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழும் குழந்தைக்கான தொகையும், குழந்தையைத் தாயிடம் விட்டுவைக்கும் தற்காலிக ஆணையும் பெறலாம். முன்னர்க் குறிப்பிட்ட திருநெல்வேலி வழக்கில், குழந்தைக்கு மாதந்தோறும் பராமரிப்புத் தொகை வழங்கும் ஆணை இச்சட்டத்தின் கீழ் பிறந்ததே.

இப்போது அந்த வாசகத்துக்கு வருவோம். ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். எட்டு வயது மகள், மூன்று வயது மகன். மனைவி குலா கேட்கிறாள். கணவன் உடன்பட மறுக்கிறான். மாதங்கள் கழிகின்றன. ஒருநாள் அவன் தரப்பில் ஒருவர் வந்து, "பிள்ளைகளுக்கு எதுவும் கேட்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுகிறான்" என்கிறார். சோர்ந்துபோன பெண் வீட்டாரும், வழக்கை முடித்துவிடத் துடிக்கும் நாமும் அதற்கு இசைந்துவிடுகிறோம். பெண் தன் விடுதலைக்கு விலையாகத் தன் மஹரைத் திருப்பித் தரலாம். அது அவளுடைய பொருள். மகளின் பள்ளிக் கட்டணமும் மகனின் பால் செலவும் அவளுடைய பொருளன்று. அவற்றை அவள் எதைக் கொண்டு விலையாகக் கொடுப்பாள்?

ஃபிக்ஹ் நூல்கள் இந்த நிலைமையை முன்னரே ஆராய்ந்திருக்கின்றன. பிள்ளையைத் தந்தையிடம் விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு குலா நிகழ்ந்தால் குலா நிறைவேறும், நிபந்தனை நிறைவேறாது என்பது ஹனஃபி சட்ட அறிஞர்களின் கூற்று. ஹளானத் குழந்தையின் உரிமையும் ஆதலின் அதைத் தாய் பேரமாக்க முடியாது என்பதே காரணம். தாயே செலவை ஏற்பதாக உடன்படுவதை அவர்கள் அனுமதித்தாலும், அவள் வறியவளாகிவிட்டால் குழந்தையைத் தந்தையே போஷிக்க வேண்டும் என்று விதித்தார்கள். குழந்தை பட்டினி கிடக்கும்படி எந்த ஒப்பந்தமும் நிற்காது என்பது அவர்கள் கண்ட நெறி. உலமாப் பெருந்தகைகள் இங்கே இருக்கிறார்கள். இதை எம்மைவிட விரிவாக விளக்க வல்லவர்கள்.

நாட்டின் சட்டமும் இதையே வேறு சொற்களில் கூறுகிறது. பொதுநலக் கொள்கைக்கு முரணான ஒப்பந்தம் செல்லாது என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. மைனரின் ஜீவனாம்சத்தைத் தாய் விட்டுக்கொடுத்ததாகக் காட்டும் ஒப்பந்தத்தை வைத்துக் குழந்தையின் மனுவைத் தடுத்துவிட முடியாது. எனவே, அன்று கையொப்பம் இட்ட அதே தாய், மறு ஆண்டில் மகளின் பெயரால் மனுச் செய்யலாம். அப்போது அந்தத் தந்தை நம் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். "ஜமாஅத் முத்திரை போட்டுத் தந்ததே, இப்போது செல்லாது என்கிறார்களே" என்று நம்மையே கேட்பார். அவருக்கும் நாம் தவறான நம்பிக்கையை அளித்தவர்கள் ஆகிறோம். ஆனால் பெரும்பாலான தாய்மார் மனுச் செய்வதில்லை என்பதே இதைவிடக் கவலைக்குரியது. ஜமாஅத்தில் எழுதிக் கொடுத்துவிட்டோம், இனி வழியில்லை என்று எண்ணி, தையல் இயந்திரத்தின் முன்னோ, பிறர் வீட்டு அடுப்படியிலோ காலத்தைக் கழிக்கிறார்கள். சட்டத்தில் செல்லாத ஒரு காகிதம் அவர்களுடைய மனத்தில் செல்லுபடியாகிவிடுகிறது.

வெளிநாடு தொடர்பான ஒரு குறிப்பு. குழந்தைகளை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கொண்டுசெல்வது குறித்த 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. எனவே தாயோ தந்தையோ குழந்தையை வெளிநாட்டுக்கோ, அங்கிருந்து இங்கேயோ ஒருதலையாகக் கொண்டுசென்றால், மீட்பது எளிதன்று. ஒவ்வொரு வழக்கிலும் நீதிமன்றம் குழந்தையின் நலனைப் புதிதாக ஆராயும். பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், விடுமுறையில் குழந்தை எங்கே செல்லும், புதுப்பிக்கும்போது யார் கையொப்பம் இடுவது என்பதையெல்லாம் பிரியும்போதே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, குடும்ப ஆலோசனைக் குழுவின் சார்பில் சில மாற்றங்களை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறோம். குழந்தைகளின் பராமரிப்புத் தொகையை விட்டுக்கொடுக்கும் வாசகமும், பெற்றோர் என்ற உரிமையைத் துறக்கும் வாசகமும் நம் ஜமாஅத்தின் எந்தப் பதிவிலும் இனி இடம்பெறக்கூடாது. நாம் எழுதுவது மணவிலக்குச் சான்றிதழாக இராமல் சமரசக் குறிப்பாக மட்டும் இருக்க வேண்டும். இது நீதிமன்ற ஆணை அன்று என்று அதன் தலைப்பிலேயே அச்சிட வேண்டும். குழந்தைகள் இருக்கும் குடும்பமாயின், ஒவ்வொரு குழந்தையின் பெயர், பிறந்த தேதி, யாரிடம் வளர்கிறது, மற்றவர் எந்நாளில் சந்திப்பார், பெருநாள் யாரோடு, மாதத் தொகை எவ்வளவு, எந்த வங்கிக் கணக்கில், எத்தேதிக்குள், கல்விக் கட்டணமும் மருத்துவச் செலவும் யாருடையவை என்பன அக்குறிப்பில் இருக்க வேண்டும். கையில் பணம் கொடுக்கும் பழக்கத்தை விட்டு வங்கி வழியே செலுத்தினால் நாளைக்கு இருவருக்கும் சான்று இருக்கும். கருவுற்ற நிலையில் பெண் இருந்தால் அதைக் குறித்தே ஆக வேண்டும். அவளுடைய இத்தா பிரசவம் வரை நீள்வதோடு, பிறக்கப்போகும் குழந்தையின் உரிமையும் அதில் அடங்கியிருக்கிறது.

அக்குறிப்பைக் குடும்ப நல நீதிமன்றத்தில் சமரச மனுவாகத் தாக்கல் செய்து ஆணை பெற இரு தரப்பையும் அனுப்பிவைப்பது அடுத்த கடமை. பணம், குழந்தை தொடர்பான உடன்பாடுகளை மக்கள் நீதிமன்றத்தில் வைத்தும் தீர்வு பெறலாம். அதன் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. செலவைக் குறித்து எவரும் அஞ்ச வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதற்கான அலுவலகம் இருக்கிறது. நிக்காஹ் நடந்ததற்கான சான்றும் வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படித் திருமணப் பதிவு கட்டாயம். நம் தஃப்தரில் பதிந்ததோடு நின்றுவிட்ட தம்பதியர் அரசுப் பதிவையும் முடித்துக்கொள்ள வேண்டும்.

பழைய கோப்பில் உள்ள பத்திரங்களைப் பற்றியும் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். மைனர் குழந்தைகள் இன்னும் இருக்கக்கூடிய குடும்பங்களின் பத்திரங்களை எடுத்துப் பார்த்து, அந்தத் தாய்மாருக்கு ஜமாஅத் தானாகவே தகவல் சொல்ல வேண்டும். அவர்கள் கையொப்பம் இட்ட அந்த வாசகம் அவர்களுடைய பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது என்பதே அத்தகவல். வெளியூரில் மறுமணம் செய்து வாழ்பவர்களும் இருக்கலாம். அவர்களுக்கு ஆலிமா ஒருவர் வழியாக மறைவாகச் சொல்வதே பொருத்தம்.

இம்முன்மொழிவுகள் நிர்வாகக் குழுவின் அடுத்த அமர்வில் எடுத்துக்கொள்ளப்படும். மாற்றுக் கருத்துடையோர் எழுத்து மூலம் ஜமாஅத் அலுவலகத்தில் தரலாம். பெண்கள் தங்கள் கருத்தை மதரஸா ஆசிரியையிடம் கொடுத்தனுப்பலாம்.